மெருகும் மெய்யும்

ஒரே கச்சேரி. ஒரே குழு. ஒரே இரவு. ஆனால் அதன் பதிப்புகளோ மூன்று, நான்கு, ஐந்து! அத்தனையையும் தேடிப் பிடித்து, எதிலே முரசு முழங்குகிறது, எதிலே கரவொலி மங்குகிறது என்று செவிகொடுத்து ஒப்பிட்டுக் களிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று உலகெங்கும் உண்டு. நம் கரிசல் மண்ணுக்கும் அந்தக் காதல் புதிதன்று. பகலெல்லாம் அச்சகத்திலோ ஆலையிலோ உழைத்துவிட்டு, இரவு வந்ததும், அரை நூற்றாண்டுக்கு முன்னே இங்கிலாந்தின் மண்டபம் ஒன்றில் அதிர்ந்த கிட்டாரைக் கேட்டு உள்ளம் சிலிர்க்கும் இளைஞனை விருதுநகரிலும் காணலாம், சிவகாசியிலும் காணலாம்.

இவனைக் கண்டு இருவர் பேசுகின்றனர். ஒருவர் சபாக்களின் சால்வை மனிதர். "இதுவா இசை? மேல்நாட்டுக் கூச்சல்!" என்று முகம் சுளிக்கிறார். மற்றவர் வணிகர். "வாங்கு! போன ஆண்டுப் பதிப்பிலே கேட்காதது இந்த ஆண்டுப் பதிப்பிலே கேட்கும். ரீமாஸ்டர் செய்துவிட்டோம்!" என்று பல்லிளிக்கிறார். முன்னவர் கேட்காதே என்கிறார். பின்னவர் கேள்வி கேட்காதே என்கிறார். கேட்கவும் வேண்டும், கேள்வியும் கேட்க வேண்டும் என்பதே பகுத்தறிவாளன் பக்கம்.

முன்னவருக்கு மறுமொழி எளிது. பறையின் அதிர்வைக் கூச்சல் என்று சொல்லி, அதை அடித்தவனை ஊருக்கு வெளியே நிறுத்திய காதுகள்தாம் இன்று ராக் இசையையும் கூச்சல் என்கின்றன. காது பழையது, குற்றச்சாட்டும் பழையது. ஆகவே அவரை அவருடைய சால்வையோடு விட்டுவிடுவோம். பின்னவரிடந்தான் நமக்குப் பேச்சு இருக்கிறது.

மேடையும் அறையும்

இசையைப் பதிவதில் இரு வகை உண்டு. ஒன்று, நாற்புறமும் ஒலி புகாத அறையிலே, பிழை வந்தால் நிறுத்தி, மீண்டும் பாடி, ஒட்டி, வெட்டி, சீராக்கித் தருவது. இன்னொன்று, மக்கள் கூடிய மேடையிலே நடந்ததை நடந்தபடி பிடிப்பது. அறைப்பதிவு சிற்பம் என்றால் மேடைப்பதிவு சாட்சியம். சிற்பத்தில் அழகு இருக்கிறதா என்று பார்க்கிறோம். சாட்சியத்திலோ, அழகையும் பார்க்கிறோம், உண்மை இருக்கிறதா என்றும் பார்க்கிறோம்.

அந்த உண்மைக்காகத்தான் ரசிகன் மேடைப்பதிவைத் தேடுகிறான். பாடகனுக்கு மூச்சு வாங்குவது, தந்தி ஒன்று சுருதி தவறுவது, தவறிய நொடியிலேயே தோழன் ஒருவன் தாங்கிப் பிடிப்பது, கூட்டம் ஆர்ப்பரித்ததும் முரசறைபவன் கை விரைவது — இவையெல்லாம் உழைப்பின் ஓசைகள். கலை வானத்திலிருந்து வழிந்த வரம் என்பாரை மறுக்க வேறு வாதமே வேண்டாம். நல்ல மேடைப்பதிவு ஒன்றைக் கேட்கச் செய்தால் போதும். வியர்வை சொட்டுவது செவிக்கே தெரியும்!

தி ஹூ என்னும் ஆங்கிலக் குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் உண்ணும் கூடத்திலே பாடியது. அந்தப் பதிவுக்கு முன்கதை ஒன்று உண்டு. முந்திய ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பதிந்த பல மணி நேர நாடாக்களை உட்கார்ந்து கேட்டு முடிக்கப் பொறுமையின்றி, அத்தனையையும் கொளுத்திவிடச் சொன்னதாகக் குழுவின் தலைவர் பீட் டவுன்ஷெண்டே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதன்பின் பதிந்ததே லீட்ஸ். அதிலும் ஒரு கோளாறு. பதிவுக் கருவியின் இணைப்புச் சரியில்லாமல், நாடாவில் ஆங்காங்கே படபடவென்று பொரியும் ஒலி ஏறிவிட்டது. என் செய்தனர்? மறைத்தனரா? இல்லை. அந்த ஒலி இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று இசைத்தட்டின் முகத்திலேயே கையெழுத்தாக எழுதிவிட்டனர்! குறையையும் சேர்த்துத் தருகிறோம், ஏனெனில் நடந்தது இதுதான் என்னும் துணிவு அது.

அந்தத் தட்டில் இருந்தவை ஆறே பாட்டுகள். 1995இல் வந்த புதுமெருகுப் பதிப்பிலே பாட்டுகள் 14 ஆயின. பொரியும் ஒலியும் கணிப்பொறி கொண்டு நீக்கப்பட்டது. 2001இல் ஏறத்தாழ அந்த இரவு முழுவதுமே வெளிவந்தது. இங்கே மெருகு இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. மறைந்து கிடந்த எட்டுப் பாட்டுகளை மக்கள்முன் வைத்தது ஒன்று. வைக்கத்தான் வேண்டும் என்று அவர்களே எழுதிவைத்த கரகரப்பைத் துடைத்தது மற்றொன்று. முன்னதை வரவேற்போம். பின்னதைப் பற்றி வழக்காடலாம். இரண்டையும் ஒரே சொல்லால் "ரீமாஸ்டர்" என்று விற்கிறார்களே, அங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்ட் 15, 16 நாள்களில் ஒசாகாவிலும், 17 அன்று டோக்கியோவிலும் பாடியவற்றிலிருந்து ஏழு பாட்டுகளை எடுத்து இரட்டைத் தட்டாக அதே ஆண்டு வெளியிட்டார்கள். பின்னால் அறையில் உட்கார்ந்து ஒட்டுப்போடாத பதிவு என்று அதற்குப் பெயர். அதிலே ஒரு பாட்டின் நடுவில் கிட்டார்க்காரர் ரிச்சி பிளாக்மோர் ஒரு சொல்லடி வாசிக்கிறார், பாடகர் இயன் கில்லன் அதையே தொண்டையால் திருப்பித் தருகிறார். அவர் கடினமாக்குகிறார், இவர் விடுவதாயில்லை. சவால், மறுசவால், கடைசியில் இருவரும் ஒன்றாகக் கலக்கும் முழக்கம்! நம் ஊர்த் திருவிழா நாடகத்திலே வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வதைக் கண் கொட்டாமல் கேட்டவனுக்கு இது அயலானதா? அங்கே ஆர்மோனியம் பாட்டைத் துரத்துகிறது, இங்கே கிட்டாரைத் தொண்டை துரத்துகிறது. கருவிதான் வேறு, கலை ஒன்றே. மூன்று இரவுகளையும் முழுமையாகத் தந்த பதிப்பு 2014இல் வந்தது. ஒரே பாட்டை மூன்று இரவிலும் அவர்கள் மூன்று விதமாகக் கட்டியதை அதிலே கேட்கலாம். அது பேராசைக்காரனின் பதிப்பு ஆகாது. தொழில் கற்பவனுக்கு அது ஒரு பாடநூல்.

1969 ஆகஸ்ட் 18, உட்ஸ்டாக் விழாவின் கடைசிக் காலை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னும் கருப்பினக் கலைஞர் அமெரிக்க நாட்டுப்பண்ணைத் தம் கிட்டாரிலே வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர், இடையில் விமானம் பாய்வது போலவும் குண்டு விழுவது போலவும் மக்கள் அலறுவது போலவும் தந்தியைக் கதறவைத்தார். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. வெடிச்சத்தத்தைத் தொழிலாகக் கொண்ட சிவகாசிக்காரன் அந்தப் பதிவைக் கேட்டால் புரிந்துகொள்வான், இது கொண்டாட்டத்தின் வெடியல்ல, கண்டனத்தின் வெடி என்று. அந்தக் கண்டனம் நடந்த அந்தக் காலையிலேயே, அந்தக் கூட்டத்தின் முன்னிலையிலேயே பதிவானதால்தான் அது வரலாற்றின் ஆவணமாக நிற்கிறது.

போலிக் கரவொலி

மேடைப்பதிவு சாட்சியம் என்றோம். சாட்சி பொய் சொல்வதும் உண்டல்லவா?

ஜானி கேஷ் 1968 சனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள் சென்று கைதிகளின் முன்னே பாடினார். உயர்ந்த செயல். உலகம் ஒதுக்கிவைத்தவர்களைத் தேடிச் சென்ற பாட்டு அது. அங்கே அடைபட்டிருந்த க்ளென் ஷெர்லி என்ற கைதி எழுதிய பாட்டையும் அதே மேடையில் பாடினார். கைதியின் சொல்லைக் கைதிகளின் நடுவிலேயே ஒலிக்கச் செய்த அந்த ஒன்றுக்காகவே அந்தப் பதிவைப் போற்றலாம்.

ஆனால் வெளிவந்த தட்டிலே ஒரு திருவிளையாடல் நடந்திருக்கிறது. ஒருவனைச் சும்மா சுட்டுக் கொன்றேன் என்று பாட்டின் பாத்திரம் கூறும் இடத்தில், கைதிகள் ஆரவாரம் செய்வதாகத் தட்டில் கேட்கும். கேட்டவர் மேனி சிலிர்க்கும். உண்மையில் அந்த இடத்திலே அவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. காவலர் கண்முன்னே எதற்குக் கைதட்டுவது, எதற்குக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாதா? அந்த ஆரவாரம் பின்னால் ஒலிக்கூடத்தில் ஒட்டப்பட்டது.

இது சிறு செய்தியா? சிறைப்பட்டவன் என்றால் கொலையைக் கேட்டுக் குதூகலிப்பான் என்று வெளியிலிருப்போர் கொண்ட எண்ணத்தை, அவன் தொண்டையில் ஏறிக்கொண்டு அவனே சொல்வதுபோல் சொல்லவைத்தாயிற்று. வாய் பேசாதவன் பெயரால் வாக்குமூலம் எழுதும் வேலை இது. அழகுக்காகச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அழகு ஒரு மனிதக் கூட்டத்தைப் பற்றிய பொய்யைச் சுமந்து வந்தால், அந்த அழகைக் கூண்டிலேற்றி விசாரிக்கக் கூடாதா?

ஒரே சிலை, ஒன்பது அலங்காரம்

இனி மெருகுக்கு வருவோம். ரீமாஸ்டர் என்றால் என்ன? பழைய மூலநாடாவை எடுத்து, அதன் ஒலியைப் புதிய கருவிகளால் சீர்செய்து, இன்றைய கேட்புக் கருவிகளுக்கு ஏற்ப மீண்டும் வெளியிடுவது. இதிலே மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

நாடா ஓடும்போது "உஸ்" என்ற இரைச்சல் இயல்பாகவே எழும். அதைக் குறைக்கலாம். ஆனால் அந்த இரைச்சல் குடியிருக்கும் அதே உச்ச ஒலிப் பகுதியில்தான் தாளத்தட்டின் மினுமினுப்பும், பாடகரின் மூச்சும், மண்டபத்தின் காற்றும் குடியிருக்கின்றன. இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்தால் இவையும் சேர்ந்து துடைபடும். பாத்திரம் பளபளக்கும், ஈயம் போயிருக்கும்! இன்னொன்று, பழைய இசைத்தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று என்ற கணக்கில் பதிவானவை அல்ல. பதிந்த வேகம் அறியாமல் ஓட்டினால் பாடகரின் சுருதி ஏறும், அல்லது இறங்கும். நடு வயதுப் பாடகர் சிறுவனாவார், சிறுவன் கிழவனாவான். உரிய வேகத்தைக் கண்டறிந்து ஓட்டினாலே பாதி மெருகு முடிந்தது. இவை அறிவியல். இவற்றைச் செய்பவர் நமக்கு நன்மை செய்பவர்.

அண்மையில் எந்திர அறிவின் துணையும் வந்திருக்கிறது. ஜான் லென்னன் 1970களின் இறுதியில் வீட்டில் பியானோவோடு பாடி நாடாவில் பதிந்த குரலை, அந்தப் பியானோ ஒலியிலிருந்து பிரித்தெடுத்து, 2023இல் பீட்டில்ஸ் குழுவின் பாட்டாக வெளியிட்டார்கள். பிரித்தது லென்னனின் குரலையே, புதிதாகச் செய்த குரலை அன்று. செய்ததைச் செய்தோம் என்று சொல்லியும் வெளியிட்டார்கள். இந்த நேர்மை இருக்கும்வரை கருவியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. எல்லா ஒலியையும் உச்சத்துக்கு ஏற்றும் நோய் ஒன்று இசை வணிகத்தைப் பிடித்தது. மெல்லொலியை உயர்த்தி, வல்லொலியை நசுக்கி, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே பேரொலியாக்குவது. மெட்டாலிகா குழு 2008இல் வெளியிட்ட தட்டு இதற்குப் பேர்போனது. விளையாட்டு நிரல் ஒன்றில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் இருந்ததைக் கண்டுபிடித்த ரசிகர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், மீண்டும் செய்து தருக என்று கையெழுத்திட்டனர். ரசிகன் என்றால் கைதட்டுபவன் மட்டுமல்லன், கணக்குக் கேட்பவனும்தான் என்று காட்டிய நிகழ்ச்சி அது.

இதைச் சிவகாசிக்கு விளக்க வேண்டுமா? சரவெடியின் நடுவிலே ஒற்றை வெடியைக் கேட்க முடியுமா? திரி எரிந்துகொண்டிருக்கும் அந்த நிசப்தம் இருந்தால்தான் ஒற்றை வெடிக்கு மதிப்பு. அமைதியைக் கொன்றபின் ஆர்ப்பாட்டம் எங்கே இருக்கும்? பட்டாசுக்காவது நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. இசைத்தட்டு வணிகருக்கு அந்த வரம்பும் இல்லை!

சிலை ஒன்று. அலங்காரம் ஒன்பது. ஒவ்வோர் அலங்காரத்துக்கும் தனித் தரிசனம், தனிக் கட்டணம். கோயிலிலே இதைக் கண்டு நகைக்கும் நம் இளைஞன், இசைக்கடையிலே அதே வரிசையில் நிற்கலாமா? இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு, நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு, ஐம்பதாம் ஆண்டுப் பொன்பதிப்பு என்று அடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். எதிலிருந்து எடுத்தீர், மூலநாடாவிலிருந்தா, அதன் படியின் படியிலிருந்தா? எதை நீக்கினீர்? எதைச் சேர்த்தீர்? மூன்றுக்கும் மறுமொழி சொல்பவன் தொழிலாளி. சொல்லாதவன் பூசாரி.

ஒலிவாங்கி யாருக்கு?

இம்மூன்றையும் விடப் பெரிய கேள்வி நான்காவதாக ஒன்று உண்டு. மெருகிட வேண்டுமானால் முதலில் பதிந்திருக்க வேண்டுமே, யாரைப் பதிந்தார்கள்?

ஜேம்ஸ் பிரவுன் என்னும் கருப்பினப் பாடகர், நியூயார்க்கின் அப்பல்லோ கொட்டகையில் தம் மக்கள் முன்னே தாம் பாடுவதைப் பதிய வேண்டும் என்று தம் இசைத்தட்டு நிறுவன முதலாளியைக் கேட்டார். புதுப்பாட்டு இல்லாத தட்டை எவன் வாங்குவான் என்று முதலாளி கைவிரித்தார். பிரவுன் தம் கைப்பொருளைச் செலவிட்டு, 1962 அக்டோபர் 24 அன்று பதிந்தார். 1963இல் வெளிவந்த அந்தத் தட்டு, அமெரிக்க விற்பனை வரிசையில் 66 வாரங்கள் நின்றது. முதலாளிக்குக் கேட்காத கரவொலி உலகுக்குக் கேட்டது. பிரவுனிடம் கைப்பொருள் இருந்தது, பதிவு இருக்கிறது. இல்லாதவர்கள் நிலை?

இந்தக் கேள்வியோடு நம் ஊருக்கு வருவோம். சிவகாசியிலே 1886இல் பிறந்தார் விசுவநாததாஸ். முடிதிருத்தும் மருத்துவர் குலம். மேடையேறினால் மன்னர், இறங்கினால் "அந்தச் சாதிக்காரன்". சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் தென்னாட்டுக் கொட்டகைகளை ஆண்ட காலத்தில், குரலாலும் துணிவாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். இந்தச் சாதியானோடு நாங்கள் நடிப்பதா என்று உடன் நடிக்க மறுத்த கலைஞர்கள் உண்டு. அவர்கள் வாயிலே நாடகத் தமிழ் இருந்தது, நெஞ்சிலே மனுநீதி இருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கதைகள் புராணந்தாம். நமக்கு அக்கதையிலே உடன்பாடில்லை. ஆனால் அந்தப் புராணத்தின் திரைக்குள்ளே அவர் வைத்த வெடியைப் பாருங்கள்! வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் காட்சி வரும். அங்கே வெள்ளைக் கொக்கைப் பாடுவது போலே வெள்ளை ஆட்சியைப் பாடினார். கொக்குப் பாட்டு ஊர் ஊராகப் பறந்தது. வேலன் வேடத்திலே நின்றவரைப் பிடிக்கக் காவலர் கொட்டகை வாயிலில் காத்து நின்ற இரவுகள் பல. சிறைக்கும் மேடைக்குமாக நடந்தது அவர் வாழ்வு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை இராயல் கொட்டகையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்த இரவை எண்ணிப் பாருங்கள். அந்தக் கடைசிப் பாட்டு, அது நின்ற நொடி, நடிப்பு என்று எண்ணியிருந்த மக்கள் உண்மை அறிந்த கணம்! லீட்ஸ் மாணவர் கூடத்தின் கரவொலி நம் செவியில் இன்றும் ஒலிக்கிறது. இராயல் கொட்டகையின் அந்த இரவு ஒலிக்கவில்லை.

ஏன்? கருவியில்லாத காலம் என்பர். பாதி உண்மை. 1902லேயே கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் தட்டில் ஏறிவிட்டது. அவர் பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே சொல்லுவார், இன்றும் கேட்கலாம். 1925இல் மின்பதிவு வந்தது. ஆனால் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நீளும் நாடகத்தை, மக்கள் கைதட்டிக் கேட்டால் மீண்டும் மீண்டும் பாடும் பாட்டை, அந்தத் தட்டு எப்படித் தாங்கும்? செர்மனியில் 1935இல் காட்டப்பட்ட ஒலிநாடாக் கருவி நம் கொட்டகைகளுக்கு வந்து சேரும் முன்பே விசுவநாததாஸ் மறைந்தார். இது கருவியின் குறை, ஒப்புகிறேன்.

ஆனால் கருவி வந்தபிறகு? அங்கேதான் மறுபாதி உண்மை இருக்கிறது. ஒலிநாடா வந்தது, கேசட்டு வந்தது, கைப்பேசியிலேயே பதிவுக்கருவி வந்துவிட்டது. விசுவநாததாஸ் வழிவந்த நாடகக் கலைஞர் எத்தனை பேரின் இரவுகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன? மதுரை, இராமநாதபுரம், விருதுநகர் வட்டாரக் கோயில் கொடைகளிலும் பொங்கல் விழாக்களிலும் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. அதைக் கேசட்டாக்கி விற்றார்கள், குறுந்தகடாக்கி விற்றார்கள், இன்று இணையத்திலே ஏற்றுகிறார்கள். கேட்பவர் இல்லாமலா? இந்த வள்ளியின் தர்க்கம் மேலா, அந்த வள்ளியின் தர்க்கம் மேலா என்று தேநீர்க்கடையில் வழக்காடும் முதியவர்களைப் பாருங்கள். ஒசாகா இரவா, டோக்கியோ இரவா என்று வழக்காடும் இளைஞனுக்கு அவர்களே மூத்த தலைமுறை!

ஆனால் அந்தப் பதிவுகளைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். எந்த ஊர் என்பது பலவற்றில் இல்லை. எந்த ஆண்டு என்பது இல்லை. ராஜபார்ட்டின் பெயர் இருந்தால் ஆர்மோனியக்காரர் பெயர் இருக்காது. மிருதங்கக்காரர் பெயரோ தேடினாலும் கிடைக்காது. படியின் படியின் படியாகித் தேய்ந்த ஒலி. இடையிலே விளம்பரம். லீட்ஸ் தட்டின் கரகரப்புக்குக்கூடக் காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள், நம் கலைஞனின் பெயரை எழுத ஒருவரும் இல்லை.

பெண்கள் நிலையோ இன்னும் கொடிது. இரவெல்லாம் அவள் பாட்டுக்குத் தலையாட்டிய ஊர், விடிந்ததும் "கூத்தாடி" என்று வாய் கூசாமல் பேசும். குரல் வேண்டும், குரலுக்குரியவள் வேண்டாம்! பதிவிலே அவள் பெயரை அழுத்தந்திருத்தமாக எழுதிவைப்பது நூலகத்தாரின் சடங்கு என்று எண்ணாதீர். கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லித் தட்டில் ஏற்றியதுபோல், இவளும் ஒரு கலைஞர், இவளுக்கும் ஒரு பெயருண்டு என்று ஊர் கேட்கச் சொல்லும் செயல் அது.

கற்றுத் திரும்புவோம்

அதற்காக, ராக் இசையைத் தூக்கி எறிந்துவிட்டு நாடகக் கேசட்டைக் கேள் என்று கட்டளையிட வரவில்லை. அது சால்வை மனிதரின் வேலை. கேளுங்கள், இரண்டையும் கேளுங்கள். ஆனால் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதிலே தெளிவு வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். எதற்கு? தீப்பெட்டியைக் கண்டு வியக்கவா? அதைச் செய்யும் தொழிலைக் கற்க. கற்றார்கள், திரும்பினார்கள், வானம் பார்த்த பூமியிலே தொழில் முளைத்தது. பின்னாளில் அந்தத் தொழிலிலே பலியான உயிர்களுக்கும், அடிமட்டத்து உழைப்பாளியின் கூலிக்கும் கணக்குக் கேட்க வேண்டியது தனி வழக்கு. ஆனால் அயலூர்ப் பொருளை வழிபடாமல் அதன் செய்முறையை அறிந்துவந்த அந்த மனப்பான்மை இருக்கிறதே, அதுதான் ரசிகனுக்கும் வேண்டியது.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்றொரு குழு. தங்கள் கச்சேரியை ரசிகர் பதிவதைத் தடுக்கவில்லை. 1984இல் பதிவு செய்வோருக்கென்று கொட்டகையில் தனியிடமே ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்பதே விதி. ரசிகர்கள் ஒவ்வொரு நாடாவின் மேலும் நாள், ஊர், பாட்டு வரிசை எழுதினார்கள். அந்தக் குழுவின் வரலாறு இன்று இரவு இரவாக இருக்கிறதென்றால், அதை எழுதியவர்கள் அரசர் அல்லர், ஆலயம் அல்லர், ரசிகர்கள்.

இதையே நம் இளைஞன் செய்தால்? ஊர்த் திருவிழாவில் நாடகம் நடக்கிறது. கலைஞரிடம் இசைவு கேட்டு, மைக்செட்டுக்காரரிடம் சொல்லி, அவருடைய கருவியிலிருந்தே ஒரு கம்பி இழுத்து ஒரு தடம். கூட்டத்தின் நடுவே ஒரு கருவி வைத்து இன்னொரு தடம். மேடையும் கேட்கும், மக்களும் கேட்பார்கள். நசுக்காமல், வெட்டாமல், மூலத்தை அப்படியே ஓரிடத்துக்கு இரண்டிடத்தில் காப்பது. ஓரிடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2008 சூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்து, அங்கே சேர்த்து வைத்திருந்த இசை மூலநாடாக்கள் எரிந்தன. அந்த இழப்பு 2019இல்தான் உலகுக்கு விரிவாகத் தெரிய வந்தது. கோடீசுவர நிறுவனத்துக்கே அந்தக் கதி. தீயைப் பற்றிச் சிவகாசிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கிடங்கில் எல்லாவற்றையும் குவிக்காதே என்பது இங்கே உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடம்.

அதன்பின் எழுதுக: நாள், ஊர், நாடகம், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் — ஒருவர் பெயரும் விடாமல். வருவாய் வந்தால் அவர்களுக்கும் பங்கு. மெருகிடுவதானால் எதை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்று ஒரு வரி. கைதட்டாத இடத்தில் கைதட்டலை ஒட்டாமை. இவ்வளவே விதி.

திருமங்கலத்தில் விசுவநாததாசுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. சுவர் இருக்கிறது, படம் இருக்கிறது, குரல்தான் இல்லை. மாலை போட்டு அந்தக் குறையைத் தீர்க்க முடியாது. இன்று அவரைப்போல், ஊர் புறந்தள்ளிய குலத்தில் பிறந்து, ஊர் வியக்கும் குரலோடு, ஏதோ ஒரு கரிசல் கிராமத்து மேடையில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் பாடும்போது எதிரே ஓர் ஒலிவாங்கியை வைப்பதும், பாடி முடித்ததும் அவர் பெயரைப் பிழையின்றி எழுதுவதும் நம் கையில்.

லீட்ஸ் இரவின் ஐந்தாம் பதிப்பை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அது கடையில் காத்திருக்கும். கிராமத்து மேடை விடிந்தால் கலைந்துவிடும்.